இருபது கெஜம் கூடுதலாக ஓடியவளுக்கு

கண்ணு,

நேற்று மாப்பிள்ளையிடமிருந்து கார்டு வந்தது. உனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறார், அவரைக் கோபிக்காதே. உங்கள் பள்ளிக்கூடத்தில் உன்னை மதராஸுக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார்களாம், ஆசிரியைகளுக்கான போட்டியில் இந்த வருஷம் அரை மைல் ஓட்டமும் இருக்கிறதாம், மாசக் கடைசிக்குள் பேர் கொடுக்கணுமாம், நீ மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாயாம். “புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வான்னு சொல்லிட்டேன் மாமா. அவ என்ன சொல்றா தெரியுமா? என் வேகம் என்னான்னு எனக்குத் தெரியும், எங்கப்பா அளந்து சொன்னது, அவரு அளவு தப்பாதுங்கிறா. நீங்க ஒரு வார்த்தை எழுதுனா கேப்பா” என்று பொடி எழுத்தில் கார்டின் ஓரம் வரைக்கும் எழுதியிருக்கிறார். தபால்காரர் அதை வாசித்துவிட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். “என்னங்க, பாப்பா மறுபடி ஓடப்போகுதா?” என்று கேட்டார். எப்போதும் அவரிடம் ஏதாவது வம்பளந்து அனுப்புகிற நான் நேற்று கார்டை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டேன்.

கண்ணு, அந்த அளவு தப்பு. நீ கல்வெட்டு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறாயே, அந்த அளவு தப்பு. எப்படித் தப்பானது என்பதைவிட, அது தப்பு என்று எனக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் உன்னிடம் சொல்லக் கூசுகிற விஷயம். இந்தக் கடிதத்தை ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். எழுதக்கூட வேண்டியதில்லை, அப்போது நீ இதே வீட்டில் இருந்தாய், வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும். எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும் என்பாய். வெட்கம் வந்தால் என்னிடமிருந்து ஒரு சத்தமும் வராது என்பது உனக்குத் தெரியாது. இப்போது முழங்கால் வலி வந்து, வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்திருக்கிறவனுக்கு யோசனைதான் பிழைப்பு.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொன்னால்தான் என் திமிர் விளங்கும். சர்வேயில் சங்கிலி இழுக்கிறவன். இரும்புச் சங்கிலி, நூறு கண்ணி, நீட்டினால் இருபத்திரண்டு கெஜம். பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு, நாற்பது சங்கிலி அரை மைல். குளத்தூர் பக்கத்தில் வரப்புத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் என்னைத்தான் கூப்பிடும். “சங்கிலியாரு சொல்லிட்டா அப்பீல் கிடையாது” என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப்போயிருந்தது. நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு மதராஸிலிருந்து புதுச் சங்கிலிகள் வந்து இறங்கின. பழையதையெல்லாம் கழித்து ஆபீஸ் மூலையில் போட்டார்கள். அதில் ஒன்று, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்தது. ஆபீசரிடம் கெஞ்சிக் கேட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போது உனக்கு நாலு வயசு, அதன் மேல் உட்கார்ந்து விளையாடுவாய். ஏன் கழித்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ராஜா காலத்துச் சரக்கு, அதில் என்ன குற்றம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

சங்கிலியை வருஷக்கணக்கில் இழுத்தால் வளையங்கள் தேயும், வாய் விரியும், மொத்தத்தில் நீண்டுபோகும். அதற்காகவே ஆபீஸ் வாசலில் இரண்டு கல் நட்டிருப்பார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சங்கிலியை அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் எடுத்துப்போகலாம். ஆபீஸ் சங்கிலியை நான் ஒரு நாள் தவறாமல் அப்படிப் பார்த்தவன். வீட்டில் கிடந்த சங்கிலியை ஒரு நாளும் பார்த்ததில்லை.

நீ ஓட ஆரம்பித்தது எனக்குச் சோறு கொண்டுவரத்தான். பத்து வயசிருக்கும். நான் எந்தக் காட்டில் அளந்துகொண்டிருந்தாலும் உன் அம்மா உன் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்து விரட்டிவிடுவாள். மூன்று மைல், சமயத்தில் நாலு மைல். தூக்குச்சட்டியைத் திறந்தால் ஆவி பறக்கும். ஒரு நாள் பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி என்னிடமே வந்து சொன்னார்: “அண்ணே, ஒங்க மகளை வண்டியில ஏறிக்கன்னு கூப்பிட்டேன். நீங்க ஊருக்கு ஊரு நின்னு நின்னு போவீங்க, எங்கப்பாவுக்குச் சோறு ஆறிப்போகும்னுட்டு ஓடிருச்சு.” கூட வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது ஒரு திறமை என்று என் மண்டைக்கு ஏறவே இல்லை. உன் பதினைந்தாவது வயசில் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் நூறு கெஜத்தில் நீ கடைசியாக வந்தாய். இருநூற்று இருபதிலும் அப்படித்தான். அதற்கு மேல் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பந்தயமே கிடையாது. “சோத்துக்கு ஓடுறவளுக்குப் பந்தயம் எதுக்கு?” என்று நான் நாலு பேர் முன்னால் கேலி செய்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

உன்னைக் கண்டுபிடித்தது சவரியம்மா டீச்சர்தான். ஆவூர்க்காரர், உங்கள் டிரில் டீச்சர், குரல் கொடுத்தால் கூரையில் இருக்கும் காக்கா பறக்கும். பரிசெல்லாம் கொடுத்து முடித்து, எல்லாரும் கலைந்த பிறகு, நீ மட்டும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாயாம். பதினாறு சுற்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினாராம். “ஏம்புள்ள, ஒனக்கு மூச்சு வாங்கலையா?” என்று கேட்டதற்கு, “இப்பத்தான் டீச்சர் காலு சூடாகுது” என்றாயாம். மறுநாளே நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு நீள ஓட்டம்தான், நூறு கெஜத்தில் இவளை ஓட விடுவது பாவம் என்றார். தெருவில் பேச்சு கிளம்பியது. பெண்பிள்ளை ரொம்ப தூரம் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று ஒருத்தி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா விடுவாளா? “இடுப்புல ஒரு கொடம், தலையில ஒரு கொடம் வச்சுக்கிட்டு ஒரு மைல் நடக்கையில எறங்காத கர்ப்பப்பை, வெறுங்கையா ஓடுனா மட்டும் எறங்கிருமாக்கும்? போங்கடி அங்கிட்டு” என்றாள். அன்றைக்கே என் பழைய காக்கிச் சட்டையைக் கிழித்து உனக்கு முழங்கால் வரை டவுசர் தைத்தாள். காக்கி டவுசரும் மேலே தாவணியுமாக நீ நின்ற கோலத்தைப் பார்த்து நான்தான் முதலில் சிரித்தேன், அவள்தான் என்னை முறைத்தாள்.

பள்ளிக்கூடத்து மைதானம் உள்ளங்கை அளவு. அதனால் கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் உள்வாயில் உனக்கு ஓடுபாதை போடலாம் என்று நான் சொன்னேன். என் வித்தையைக் காட்ட எனக்கு இடம் கிடைத்தது. வீட்டுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனோம். ஒரு முனையை உன் அம்மா பிடித்தாள், மறுமுனையை நான். இருபது சங்கிலிக்கு ஒரு வட்டம், இரண்டு வட்டம் அரை மைல், சுற்றிலும் கருவேலங்குச்சி முளை. டீச்சர் தன் ஸ்டாப் வாட்ச்சை என்னிடம் கொடுத்துவைத்தார். இரண்டு கோடை. நீ வெறுங்காலோடு வெடித்த களிமண்ணில் ஓடி ஓடி, மூன்று நிமிஷத்துக்கு மேல் இருந்ததை இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்தாய், அப்புறம் இரண்டு நாற்பதுக்கு. திருச்சியில் போய் மற்றப் பள்ளிக்கூடத்துப் பெண்களோடு நானூற்று நாற்பது கெஜம் ஓடி ஒரு தட்டும் ஒரு சர்டிபிகேட்டும் வாங்கிவந்தாய். கண்மாய்க்கு வந்தால் மட்டும், “இன்னம் கொறையணும், இன்னம் கொறையணும்” என்பதைத் தவிர என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை நீ கேட்டிருக்க மாட்டாய்.

அந்த சித்திரையில்தான் மதராஸிலிருந்து கடிதம் வந்தது. பெண்களுக்கும் அரை மைல் வைக்கப்போகிறார்கள், மாகாணத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், இரண்டு நிமிஷம் முப்பத்தைந்து வினாடிக்குள் ஓடுகிறவர்களின் பேரை அனுப்பினால் கூப்பிடுவார்கள் என்று. தூரத்தை அளந்தவர் கையெழுத்து வேண்டும், நேரம் பார்த்தவர் கையெழுத்து வேண்டும். “சர்வேக்காரரே அளந்தா எவன் கேள்வி கேக்கப்போறான்?” என்று டீச்சர் குதித்தார். விண்ணப்பம் போக வேண்டிய கடைசி நாள் காலையில் நீ ஓடினாய். இரண்டு நிமிஷம் முப்பத்தேழு. வந்து இடுப்பில் கை வைத்து நின்று, “எவ்வளவுப்பா?” என்றாய். சொன்னேன். உன் முகம் எப்படி ஆனது என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ரெண்டே ரெண்டு செகண்டுங்க. முப்பத்தஞ்சுன்னு எழுதுங்க. பக்கத்துல போட்டிக்கு ஆளு ஓடுனா இவ அதுக்கும் கீழ ஓடிக் காட்டுவா. எனக்குத் தெரியும். இந்த ஒரு பொய்யை நான் கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்டச் சொல்லிக்கிறேன், நீங்க எழுதுங்க” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அளவுல பொய் எழுதுற கை இது இல்லைங்க டீச்சர்.” சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது, கண்ணு. இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. டீச்சர் உன்னைப் பார்த்தார். நீ, “அப்பா சொல்றதுதான் சரி டீச்சர்” என்றாய். முப்பத்தேழு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அரிமளத்தில் உன் தாய்மாமன் வீட்டுப் பாகப்பிரிவினை. ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் சங்கிலி எடுக்க முடியாது. வீட்டுச் சங்கிலியைக் கொண்டுபோய் அளந்தேன். பதினைந்து சங்கிலி இருக்க வேண்டிய நிலம் பதினைந்து முழம் குறைவாக வந்தது. எதிர்த் தரப்பில் ஒரு பெரியவர், “ஏங்க, ஒங்க சங்கிலி எங்க நெலத்தைத் தின்னுருச்சே!” என்றார். என் அளவையா குறை சொல்கிறாய் என்று நான் ஆடிய ஆட்டத்தை உன் மாமனைக் கேட்டால் சொல்லுவான். அந்த வீம்பில்தான் திங்கட்கிழமை யாரும் வருமுன் ஆபீஸுக்குப் போய், அந்த இரண்டு கல்லுக்கு நடுவில் வீட்டுச் சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். ஒரு முழம் கல்லுக்கு வெளியே கிடந்தது.

வாசலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சங்கிலிக்கு ஒரு முழம் என்றால் நாற்பது சங்கிலிக்கு நாற்பது முழம், அதாவது இருபது கெஜம். அரை மைல் என்று நான் சொன்ன இடத்தில் நீ அரை மைலும் இருபது கெஜமும் ஓடியிருக்கிறாய். உன் வேகத்துக்கு அந்த இருபது கெஜம் மூன்றரை வினாடி. கழித்துப் பார்த்தால் இரண்டு நிமிஷம் முப்பத்துமூன்றரை. நீ வந்துவிட்டாய், கண்ணு. கேட்டதற்கும் ஒன்றரை வினாடி முன்னாலேயே வந்துவிட்டாய். முப்பத்தேழு என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதினேனே, அதுதான் பொய்.

மதராஸில் ஆள் எடுக்க அன்றைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இதைத்தான் உன்னிடம் சொல்லக் கூசுகிறேன். ஒரு தந்தி அடித்திருக்கலாம். டீச்சரிடம் ஓடியிருக்கலாம். உன்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி, அவர்கள் வாசலில் நின்று, “ஐயா, தப்பு என்னுடையது, என் மகளை ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்கள்” என்று கேட்டிருக்கலாம். நான் செய்தது, சங்கிலியை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றியதுதான். வெளியே தெரிந்தால் லீவு நாட்களில் அதை வைத்து நான் அளந்துகொடுத்த வரப்புகளை எல்லாம் மறுபடி தோண்டுவார்கள் என்று பயந்தேன். ஆபீஸில் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். பெண்பிள்ளை, இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகிறவள், ஓடி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ வாசலுக்கே வந்து, “லெட்டர் ஏதும் வந்துச்சாப்பா?” என்று கேட்டாய். வரவில்லை என்றேன். பன்னிரண்டு நாளும் கேட்டாய், பன்னிரண்டு நாளும் அதையே சொன்னேன்.

கடைசியில் கடிதம் வந்தது, நீ தேர்வாகவில்லை என்று. இரண்டு தரம் வாசித்துவிட்டு, “விடுங்கப்பா. ரெண்டு செகண்டுன்னா ரெண்டு செகண்டுதான்” என்று என்னை நீ தேற்றினாய்! அடுத்த கோடையில் கண்மாய் வற்றியது, நீ இறங்கவில்லை. டீச்சர் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். “வேகம் இல்லாதவளை ஏன் டீச்சர் வெரட்டுறீங்க?” என்றாய். நான் அடுத்த அறையில் காது கேளாதவன் மாதிரி இருந்தேன். அப்புறம் டிரில் டிரெய்னிங், வேலை, கல்யாணம், குழந்தை. எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் திருச்சிக்கு வந்தபோது உன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்தேன். நீ விசிலை வாயில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறாய், பெண்பிள்ளைகள் உன்னைத் தாண்டி ஓடுகிறார்கள். ஒவ்வொருத்தி தாண்டும்போதும் உன் குதிகால் தரையைவிட்டு எழும்பி எழும்பி இறங்கியது. அன்று உன் வீட்டில் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டாயே, வயிறு சரியில்லை என்றேனே. வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

நேற்று கார்டை வாசித்த கையோடு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த முறத்தை அவள் கீழே வைத்தாள். அப்புறம், “அந்த முனையைப் புடிச்சது நானுதானே? எங்கிட்டயாச்சும் சொல்லக்கூடாதா? ஒங்களுக்கு வெக்கம்னா நீங்க வீட்ல இருங்க, நான் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே எம்மகள! இம்புட்டு வருசமா இதை வயித்துல வச்சுக்கிட்டு எப்புடிங்க சோறு தின்னீங்க?” என்றாள். இன்று காலையில் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “எழுதுங்க, ஒண்ணையும் மறைக்காம எழுதுங்க” என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதை நீ பத்திரிகைக்கு அனுப்பினாலும் சரி, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் வாசித்தாலும் சரி, ஊர் பார்க்கட்டும். நான் அளந்த வரப்புக்காக யாராவது வந்தால் வரட்டும், கல்லுக்கு நடுவில் இழுத்துக் காட்டி மறுபடி அளந்து கொடுக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். எவ்வளவு பெரிய ஆள் உன்னைப் பார்த்து நீ இவ்வளவுதான் என்று சொன்னாலும், எதை வைத்து அளந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேள். மரியாதையாகவே கேள், ஆனால் கேள். அப்பாவாக இருந்தால் இரண்டு தரம் கேள். உன் மகளையும் அப்படிக் கேட்கப் பழக்கு. என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், அதை நீ உன் சௌகரியப்படி செய், செய்யாமலும் இரு. எனக்கு வேண்டியது, நீ பேர் கொடுக்க வேண்டும். மாசக் கடைசிக்குள். பிள்ளை பெற்ற உடம்பு, ஏழு வருஷம் ஓடாத கால், கடைசியாக வந்தாலும் வா, எனக்கு அதைப் பற்றி ஒன்றுமில்லை. வேகம் இல்லாதவள் என்று சொல்லிக்கொண்டு மட்டும் கோட்டுக்கு வெளியே நிற்காதே. அது உன் வார்த்தை இல்லை, நான் உன் வாயில் போட்ட வார்த்தை.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு கோடையும் நீ கிளம்பும்போது கையை இறக்குவேன், வாட்ச்சை அழுத்துவேன், அதோடு என் கண் அந்த முள்ளுக்குப் போய்விடும். நீ வந்து சேரும் வரை அதைவிட்டு நகராது. நீ வளைவில் எப்படித் திரும்புவாய், கையை எப்படி வீசுவாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. கடைசி நூறு கெஜத்தில் நீ சிரித்துக்கொண்டே வருவாயாம். உன் அம்மா இப்போதுதான் சொல்கிறாள். எனக்கு மகள் பிறந்து, ஓடி, ஓட்டத்தை நிறுத்தியும் விட்டாள், அவள் ஓடி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பேர் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, கண்ணு. முழங்கால் வலி கிடக்கட்டும், நான் மதராஸுக்கு வருகிறேன். நீ எவ்வளவு நேரத்தில் வந்தாய் என்று கேட்க மாட்டேன். உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அப்பா